மாடி வீட்டில் முன் அறை யாருக்கு?

என் பாசமுள்ள பெரியண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "என்னா யோசன, எழுதித் தொலை" என்று தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய். அதனால் தொடங்கிவிட்டேன்.

உன் முதல் திதி நெருங்குகிறது. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, நாலு வரி எழுதி, கீழே நம் எல்லாருடைய பெயரையும் வரிசையாகப் போடலாம் என்று சின்னண்ணன் சொன்னான். நாலு வரியில் பேசி முடிக்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே நீளமாகவே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

முதலில் நல்ல செய்தி. வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கோலசிலாங்கூரில் நீ அலைந்து திரிந்து பிடித்த அதே நிலத்தில்தான். அப்பாவுக்கு இந்த வருஷத்தோடு தோட்டத்தில் மண்டோர் வேலை முடிகிறது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்ட ஆபீஸ் கிராணி வழியில் பார்க்கும்போதெல்லாம் "வீடு எந்த அளவுல இருக்கு மண்டோரே?" என்று அக்கறையாக விசாரிக்கிறார். அந்த அக்கறை எதற்கு என்று அப்பாவுக்கும் தெரியும்.

மாடி வீட்டுப் பைத்தியம் உனக்குத்தான் இருந்தது. நமக்கெல்லாம் தரையோடு தரையாக ஒரு சிமிந்து வீடு கிடைத்தாலே போதும் என்றிருந்தது. நீதான் பிடிவாதம் பிடித்தாய். "லயத்துல சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்குறவன் இருமுனாக்கூட நமக்குக் கேக்குது. நம்ம வீடுன்னா, தலைக்கு மேல நம்ம ஆளுங்க நடக்குற சத்தம் கேக்கணும் லா" என்று சொல்வாய். மனுஷன் தலைக்கு மேல் மனுஷன் நடந்தால் வீடு விளங்குமா என்று அம்மா கேட்பாள். நீ சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பிக்குக் கையை நீட்டுவாய்.

பிளான் வரையும் சீனரிடம் நீயே போய் உட்கார்ந்து முதல் பிளானைப் போட்டு வாங்கி வந்தாய். மாடியில் முன்பக்கம் பெரிய அறை. அது உனக்கும் அண்ணிக்கும் குட்டி மகள் கவிதாவுக்கும். அதன் ஜன்னலில் நின்றால் மலைமேல் இருக்கும் கலங்கரை விளக்கம் தெரியும் என்று அளந்துவிட்டாய். தெரியுமா தெரியாதா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. அதற்குள் அந்த மழை நாள் வந்துவிட்டது. செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போன உன் லோரி, தஞ்சோங் காராங் போகும் வழியில், வயலுக்குத் தண்ணீர் விடும் பெரிய கால்வாயில் இறங்கிவிட்டது. அதைப் பற்றி நான் உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? நீதான் அங்கே இருந்தாய்.

பிளான் பல மாதங்கள் பீரோவின் மேல் சுருட்டியபடியே கிடந்தது. பிறகு ஒரு நாள் அம்மாதான் எடுத்துத் தூசி தட்டினாள். "கட்டுவோம். அவன் வாங்குன எடம், புல்லு மொளைக்க வுடக்கூடாது" என்றாள். ஒரே ஒரு மாற்றம் மட்டும் சொன்னாள். மாடியில் முன் அறை சாமி அறையாக இருக்க வேண்டும். மாடி வீட்டில் சாமி அறையைக் கீழே வைத்தால் மேலே நடக்கிற கால் எல்லாம் சாமி தலையில் படும் என்பது அவளுடைய பயம். அந்த அறையில் சாமிப் படங்களோடு உன் படமும் இருக்க வேண்டும் என்றாள். "அது அவன் ரூம்பு. அவனே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிளானைச் சின்னண்ணன் கையில் கொடுத்தாள். அதற்கு மேல் யாரால் வாயைத் திறக்க முடியும்?

சின்னண்ணன் அம்மா சொன்னபடியே மாற்றி வரைந்து வாங்கி வந்தான். கீழே ஹால், அடுப்படி, குளிக்கும் இடம். அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் அவருக்கும் அம்மாவுக்கும் கீழேயே ஓர் அறை. மாடியில் முன்பக்கம் சாமியும் நீயும். நடு அறை, தை மாதம் கல்யாணம் ஆகப்போகும் சின்னண்ணனுக்கு. பின்னால் தீப்பெட்டி மாதிரி ஓர் அறை எனக்கு. ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவளுக்குப் பின்பக்கம்தான் நல்லது என்றார்கள். நானும் சரி என்றேன். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அண்ணி அந்தப் பிளானைப் பார்க்கவே இல்லை. கேட்கவும் இல்லை. நீ போன பிறகு அவர் எதையும் கேட்பதில்லை. காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து சமைத்து வைத்துவிட்டுச் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார். சாயங்காலம் கவிதாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பழங்கதை ஏதாவது சொல்லித் தூங்க வைக்கிறார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. குளிக்கிற இடத்தில் மட்டும் பைப்பில் தண்ணீர் ரொம்ப நேரம் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்கிடையில் சுங்கை பெசாரிலிருந்து அண்ணியின் அண்ணன் வந்தார். நல்ல மனுஷன், உனக்கே தெரியும். அப்பாவிடம், "மாமா, வீடு கட்டுற நேரம், உங்களுக்கும் எட நெருக்கடி. தேவியையும் புள்ளையையும் நான் கூட்டிட்டுப் போறேன். அடுத்த வாரக் கடைசியில வரேன்" என்று பணிவாகத்தான் சொன்னார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அண்ணி வரேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அண்ணன் போன பிறகு துணிகளை மடித்து ஒரு பக்கமாக வைக்கத் தொடங்கினார். கவிதாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் உன்னுடையது என்று இந்த வீட்டில் என்ன மிஞ்சும்?

இப்போது அப்பாவின் கூத்தைக் கேள். சின்னண்ணன் பிளானை விரித்து அவருக்கு விளக்கினான். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், காகிதத்தைத் திருப்பியும் பார்த்தார். "இதுல எது செவரு, எது கதவுடா? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. நெலத்துல போட்டுக் காட்டு, பாக்குறேன்" என்றார். சின்னண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அப்பா விடுவதாக இல்லை. கன்று நடுகிற காலத்தில் கயிறு பிடித்துக் கம்பு ஊன்றியே பழகிய மனுஷன் இல்லையா. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கயிற்றுச் சுருளையும் ஒரு கட்டு மூங்கில் கம்பையும் எடுத்துக்கொண்டு, எங்கள் எல்லாரையும் கிளம்ப வைத்துவிட்டார். அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டாள். பார்க்கிறவர்கள் நாங்கள் உல்லாசப் பயணம் போகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கீழ்வீட்டை நம் நிலத்தில் கம்பு ஊன்றிக் கயிறு கட்டி முழு அளவில் போட்டார்கள். அழகாக வந்தது. பிறகுதான் சிக்கல். மாடியை எங்கே போடுவது? கீழ்வீட்டின் மேலேயே போட்டால் கயிறெல்லாம் குழம்பிவிடும் என்று அப்பா சொன்னார். பக்கத்து நிலம் காலியாகக் கிடந்தது. நடுவில் ஒரு லொங்காங், அவ்வளவுதான். அதைத் தாண்டிப் போய் அந்த நிலத்தில் மாடியைக் கட்டத் தொடங்கிவிட்டார். அதாவது, நம் வீட்டில் படியேறி மாடிக்குப் போக வேண்டுமென்றால் சேலையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாக்கடையைத் தாண்ட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து நிலத்துக்காரரான மலாய்ப் பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தன் நிலத்தில் என்ன நடக்கிறது என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா கயிற்றை விடாமல், "இனி அத்தாஸ்" என்றார். இதுதான் மேல்மாடி என்று அவருக்கு மலாயில் விளக்கம். பெரியவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மத்தியானத்துக்குள் மாடியைக் கழற்றிக்கொண்டு போனால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ போன பிறகு அம்மா சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாம் கட்டி முடிந்ததும் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிடும் பெரட்டு மாதிரியே, லொங்காங் கரையில் நின்று குரல் கொடுத்தார். "பேர் கூப்புடுறேன். அவங்கவங்க ரூம்புல போயி நில்லுங்க. எடம் பத்துதான்னு பாப்போம்." முதலில் தன் பெயரைத் தானே கூப்பிட்டு உள்ளேன் என்று சொல்லிக்கொண்டார். அம்மாவைக் கூப்பிட்டதும் அவள் போய்க் கீழறையில் நின்றாள். சின்னண்ணன் லொங்காங்கைத் தாண்டி நடு அறையில் நின்று, கட்டில் போடும் இடத்தைக் காலால் அளந்தான். நான் என் தீப்பெட்டிக்குள் போய் நின்றேன். முன் அறை காலியாக இருந்தது. அது உனக்கு.

கடைசியில் அப்பா, "தேவி" என்று கூப்பிட்டார்.

அண்ணி கவிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக மரத்தடியில் நின்றிருந்தார். நம் நிலத்தைப் பார்த்தார். லொங்காங்குக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ஒவ்வொரு கயிற்றுக் கட்டத்திலும் ஒவ்வொருவர் நிற்கிறோம். எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. மெதுவாக நடந்து போய் அடுப்படிக் கட்டத்துக்குள் நின்றுகொண்டார்.

"அங்க என்னாம்மா செய்யிற?" என்றார் அப்பா.

"எனக்கு இது போதும் மாமா. புள்ளையும் நானும் இப்படி ஓரமாப் படுத்துக்குவோம்" என்றார் அண்ணி. அவர் குரலில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை அண்ணே. இருந்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அப்பா கையிலிருந்த கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணியும் கவிதாவும் கீழே அம்மாவோடு படுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சின்னண்ணன், அவர்கள் என் அறையில் படுப்பார்கள் என்று நினைத்திருக்கிறான். அப்பா இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும் என்று விட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு அறையில் அவரைக் குடிவைத்து, கடைசியில் எந்த அறையிலும் இல்லாமல் பண்ணிவிட்டோம். காகிதத்தில் ஆள் நிற்பதில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

என் வாய் சும்மா இருக்காதே. உன் காலி அறையைக் காட்டி, "படத்துக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய ரூம்பு? அண்ணனுக்கு ஒரு ஆணி போதும்" என்று கத்திவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அம்மா வந்து அறைவாள் என்று நினைத்தேன். அவள் லொங்காங்கைத் தாண்டி வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக உன் அறைக்குள் போய், புல்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாடி?" என்றாள். "அவ சின்னப் புள்ள. நாளைக்கே அவளுக்கு ஒரு நல்லது நடந்தாலும் நடக்கும். அவளுக்குன்னு நான் ஒரு ரூம்பக் கட்டி வச்சா, என் மவன் நெனப்புலயே இங்க கெடன்னு நானே கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும்ல. அதான் வுட்டேன். அவ அண்ணன் வந்து கேட்டப்பவும் அதான் வாயத் தொறக்கல. இருன்னு சொன்னாலும் பாவம், போன்னு சொன்னாலும் பாவம். நான் என்னா செய்யட்டும்?"

நம் அம்மாவை நாம் புரிந்துகொண்டது அவ்வளவுதான் அண்ணே. மகனை வைத்துக்கொள்ள அறையைக் கேட்டாள் என்றுதான் நினைத்தோம். மருமகளைக் கட்டிப்போடாமல் விடவும் அதே அறையைத்தான் கேட்டிருக்கிறாள். அதை ஒரு வார்த்தை அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் யாருக்குத்தான் அந்த ஒரு வார்த்தை வந்திருக்கிறது?

அண்ணி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கவிதாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டு லொங்காங்கைத் தாண்டி வந்தார். உன் அறையின் கயிற்றுக்கு வெளியே, வாசல் விட்டிருந்த இடத்தில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"நீங்க என்னைப் போகச் சொல்றீங்கன்னுதான் நெனச்சேன் அத்தே."

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"போவேனா இருப்பேனான்னு எனக்கே இன்னும் தெரியல. ஆனா போறதா இருந்தாலும் ஒரு ரூம்புலேருந்து போறேன் அத்தே. அடுப்படியிலேருந்து அனுப்பாதீங்க. போனாலும், என்னைக்காவது திரும்பி வந்தா, ஏறிப் போறதுக்கு ஒரு எடம் வேணும்ல."

அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன். சின்னண்ணன் நடு அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு, இல்லாத சுவரைப் பார்த்தபடி நின்றான். கவிதா மட்டும் அப்பாவின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் அடங்கியதும் அண்ணி, "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?" என்றார். இத்தனை மாதத்தில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி இதுதான். "கதவுக்கு உள்பக்கம் ஒரு தாப்பா வச்சுக் குடுங்க."

"என்னாம்மா, பயமா?" என்றாள் அம்மா.

"பயம் இல்ல அத்தே. அழணும்னா பைப்பத் தொறந்து வுட வேண்டியிருக்கு."

அம்மா அண்ணியின் முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமிக்கு மாடியிலேயே, படி ஏறியதும் இருக்கும் சுவரில் ஒரு மேடை என்று முடிவானது. அதற்கு மேலே கூரைதான், யார் காலும் படாது. அம்மாவுக்குச் சம்மதம். பிளான் வரையும் சீனர் மூன்றாவது தடவையாக வரைந்து கொடுத்தார். முன் அறையில் மறுபடி ஆள் வந்துவிட்டதைப் பார்த்து, "இதான் சரி லா. வீட்டுலயே பெரிய ரூம்பு, சும்மா பூட்டி வைக்கிறதா?" என்றாராம். அப்பா அவரிடம் மாடியைப் பக்கத்து நிலத்தில் போட்ட கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எதற்குப் பெருமை என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

அண்ணியின் அண்ணன் சொன்னபடியே வந்தார். அண்ணியே அவரை நிலத்துக்குக் கூட்டிப் போனார். கீழ்வீட்டுக் கயிற்றைத் தாண்டி உள்ளே நின்று, மேலே கையைக் காட்டி, "இதுக்கு மேல என் ரூம்புண்ணே. கதவு இங்க வருது, ஜன்னல் அங்க" என்று காட்டினார். அவர் அண்ணன் அங்கும் இங்கும் நடந்து பார்த்தார். பிறகு, "சரிம்மா. கூப்புட்டா வரேன்" என்று அண்ணி தலையில் கை வைத்துவிட்டு, மடித்து வைத்த துணி எதையும் வாங்காமல் பஸ் ஏறிவிட்டார்.

போன வாரம் மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகை எல்லாம் பிரித்தாகிவிட்டது. படிக்கு இன்னும் கைப்பிடி இல்லை. ஆனாலும் அண்ணி கவிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். அப்பா கீழே தன் அறையில், ஜன்னல் வைக்காத சுவரோரம் நின்றிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டிப் பேசாதே என்றார். மேலே முன் அறையில் இரண்டு பேர் நடக்கிற சத்தம். ஒன்று மெதுவாக, ஒன்று குதித்துக் குதித்து. அப்பா அண்ணாந்து பார்த்தபடியே, "சொன்னான்ல" என்றார். ஜன்னல் வரப்போகிற இடத்திலிருந்து கலங்கரை விளக்கம் தெரிகிறதா என்று நான் பிறகு போய்ப் பார்த்தேன். தெரியவில்லை, ஒரு தென்னை மறைக்கிறது. கழுத்தை நீட்டிப் பார்த்தால் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கிறது. உனக்காகத் தெரிகிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

அண்ணி எத்தனை வருஷம் அந்த அறையில் இருப்பார்? நாளை ஒரு நல்லவன் வந்து கேட்டால் என்ன சொல்வார்? அப்போது உனக்கு வலிக்குமா, சந்தோஷமாக இருக்குமா? இதையெல்லாம் கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. பதில் வராது என்று தெரிந்தும் கேட்டு வைக்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அண்ணி இருந்தாலும் போனாலும் முன் அறை அவருடையதுதான். சின்னண்ணனுக்கு வரப்போகிறவள் அதில் கண் வைத்தாலும், நாளைக்கு நான் கல்யாணம் ஆகி எந்த ஊருக்குப் போனாலும், பஸ் பிடித்து வந்து சண்டை போட்டாவது காப்பாற்றிக் கொடுப்பேன். என் வாயை நம்பலாம்.

உனக்குத்தான் அறை இல்லை. கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு நான் கத்திய அந்த ஆணியை நானே அடிக்கப் போகிறேன், மாடிப்படிச் சுவரில், பாதிப் படியில். இருட்டில் மேலே ஏறுகிறவர்கள் கையை ஊன்றுகிற இடம் அதுதான். இனி இந்த வீட்டில் யார் ஏறினாலும் இறங்கினாலும் உன்னைத் தொட்டுவிட்டுத்தான் போவோம்.

என்றைக்கும் உன் வாயாடித் தங்கச்சி,
சரோஜா